தினை வைத்துக் கொடுத்த கிண்ணம்

உங்கள் டப்பாக்களை நான் வெறுமையாகத் திருப்பித் தருகிறேன் என்று நீங்கள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வது என் காதில் விழாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஓக் ட்ரீ ரோட்டில் காபிக்கு உட்காரும்போது, போன வாரம் பிரியாணி கொடுத்துவிட்ட டப்பாவைக் கழுவித் துடைத்து நீட்டுவேன். வாங்குகிறவள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவளைப் பார்ப்பாள். ஒரு பிடி மிக்சராவது போட்டுத் தரக் கூடாதா, அறுபது தாண்டியும் இவளுக்கு இந்த மரியாதை தெரியவில்லையே என்று. தெரியும், தாயே. உங்கள் எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். அந்த மரியாதையால் ஒரு குடும்பத்தையே அழித்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. போன மாதம் நடந்ததற்குப் பிறகு மூடி வைத்து என்ன ஆகப்போகிறது?

நீங்கள் எல்லாம் கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். உங்களுக்கு நியூ ஜெர்சி என்றால் ஐசலின், எடிசன், காலையில் ரயில் பிடிக்கிற ஓட்டம். எட்டு வயதில் நான் வந்து இறங்கிய நியூ ஜெர்சி வேறு. தெற்கே, மணல் மண்ணும் பைன் மரமும் நீள நீளமான கோழிக் கொட்டகைகளுமாக ஒரு பட்டிக்காடு. அப்பா பாளையங்கோட்டையிலிருந்து அங்கே ஒரு கண்ணாடி பாட்டில் தொழிற்சாலைக்குக் கெமிஸ்டாக வந்தார். அரிசி வாங்கவே ஒன்றரை மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். தமிழ் பேச வீட்டில் மூன்று பேர்தான். கிரீன் கார்டு இன்னும் கைக்கு வரவில்லை. நல்லது கெட்டது எதைப் பேசினாலும் கடைசியில் அதில்தான் போய் முட்டும். நான் சத்தமாகச் சிரித்தால்கூட அப்பா கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, "கார்டு வரட்டும், அப்புறம் சிரிக்கலாம்" என்பார்.

எங்களைச் சுற்றியிருந்த பண்ணைக்காரர்களும் வந்தேறிகள்தான். பெரிய போரில் ஐரோப்பாவில் வீடும் ஊரும் போய், போர் முடிந்தும் போக இடமில்லாமல் முகாம்களில் வருஷக்கணக்கில் கிடந்து, கப்பலேறி வந்தவர்கள். ஊரில் தையல்காரராகவும் வாத்தியாராகவும் இருந்தவர்கள் இங்கே வந்து கோழி வளர்த்தார்கள். எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்ட அங்கிள் போலந்துப் பக்கம் கடிகாரம் ரிப்பேர் பார்த்தவராம். "கோழிக்கு இங்கிலீஷ் தெரியாது, எனக்கும் தெரியாது. ரெண்டு பேருக்கும் சரியாப்போச்சு" என்பார். அவர் இங்கிலீஷில் சொன்னதைத்தான் நம் பேச்சில் எழுதுகிறேன். மற்றவர்கள் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு அவர்கள் நிலத்தின் ஓரத்தில் இருந்தது. அதற்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு பிளம்ஸ் மரமும் ஒரு ஒற்றையடிப் பாதையும். அங்கிள், ஆன்ட்டி, என் வயதில் ஒரு மகள், ஆறாயிரம் வெள்ளைக் கோழிகள். ஆன்ட்டி குட்டையாக, திடமாக இருப்பாள். எந்த உடுப்பைப் போட்டாலும் பையில் ஒரு காய்ந்த ரொட்டித் துண்டு இருக்கும். கதவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பெட்டி கட்டித் தயாராக இருக்கும். எங்கே போகிறார்கள் என்று நான் மகளிடம் கேட்டேன். "எங்கேயும் இல்ல. சும்மா இருக்கும்" என்றாள்.

சனிக்கிழமைதோறும் ஆன்ட்டி ஒரு கிண்ணத்தில் முட்டை கொண்டுவந்து தருவாள். ஓடு கீறியது, இரட்டைக் கரு, கடைக்குப் போகாதது. வெள்ளை எனாமல் கிண்ணம், நீல விளிம்பு, ஓரத்தில் ஒரு விரல்நுனி அளவுக்கு எனாமல் உதிர்ந்து கறுப்பாக இருக்கும். முகாமில் நாலு வருஷம் அவள் கஞ்சி வாங்கிக் குடித்த கிண்ணம் அது. முதல் தடவை அதைத் திருப்பிக் கொடுக்க நான் கிளம்பியபோது அம்மா ஓடிவந்து பிடுங்கினாள்.

"வெறும் பாத்திரத்த எப்படிட்டி திருப்பிக் குடுக்க? அவுக என்ன நினைப்பாக?"

அன்று எலுமிச்சைச் சாதம் போயிற்று. அடுத்த வாரம் அச்சு முறுக்கு. ஆன்ட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. முட்டைக்கு விலை கொடுக்கிறார்களோ என்று நினைத்து வேண்டாம் வேண்டாம் என்றாள். அம்மா தனக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையில் விளக்கினாள்: "நாட் எம்ப்டி. அவர் கஸ்டம். நாட் எம்ப்டி." ஆன்ட்டி கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். முகாமில் அந்தக் கிண்ணம் எத்தனை தடவை வெறுமையாகத் திரும்பி வந்ததோ. அதற்குப் பிறகு சனிக்கிழமை வரக் காத்திருப்பாள். மிளகாய் போட்ட காராசேவைத் தின்று கண்ணில் தண்ணீர் வழிய அங்கிள் சிரித்ததை இப்போதும் பார்க்கிறேன்.

அடுத்த வசந்தத்தில் எனக்குக் கிளி வந்தது. பள்ளிக்கூடத்தில் அங்கிள் மகளைத் தவிர ஒருத்தரும் என்னோடு பேசுவதில்லை என்று நான் அழுது அழுது, அப்பா மனசு இளகி, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒருவன் லாரியின் பின்கதவைத் திறந்து வைத்து விற்றுக்கொண்டிருந்த பச்சைக் கிளியை வாங்கி வந்தார். எங்கிருந்து வந்த கிளி, யார் கொண்டுவந்தது, சீட்டு உண்டா, ஒன்றும் கேட்கவில்லை. கிரீன் கார்டுக்கு அத்தனை பயப்படுகிற மனுஷன், கிளிக்குக் காகிதம் கேட்க வேண்டும் என்று யோசிக்கவில்லை. கடையில் அதற்குத் தீனி வாங்கிப் பிரித்தால் உள்ளே தினை. அம்மா கையில் அள்ளி முகர்ந்து பார்த்து, "ஏட்டி, நம்மூர்த் தினைட்டி இது! இந்த ஊர்லயும் விளையுதா!" என்று குழந்தை மாதிரி குதித்தாள். பெரிய மூட்டையாக வாங்கச் சொல்லி, பிஸ்கட் டின் ஒன்றில் கொட்டி வைத்தாள். கிளி கொறித்துவிட்டு மிச்சம் வைத்ததைச் சாயங்காலம் ஊதி, உமியை நீக்கித் திரும்ப அந்த டின்னிலேயே போடுவாள். தானியத்தைக் குப்பையில் கொட்டுகிற கை இல்லை அது.

கிளி ஒன்பது நாள் இருந்தது. ஐந்தாம் நாளிலிருந்து தும்மியது. பிறகு கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. மேலே பார்க்க வேண்டியது கீழே பார்த்தது. நான் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சர்ச்சில் படித்த ஜெபமெல்லாம் சொன்னேன். செத்தது. அப்பா கராஜுக்குப் பின்னால் புதைத்தார். "பறவைன்னா சாகத்தான் செய்யும், அழாதே" என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை ஆன்ட்டியின் கிண்ணம் எங்கள் வீட்டில் இருந்தது. அம்மாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஒன்றும் செய்து வைக்கவில்லை. கடுகும் தீர்ந்திருந்தது. வெறும் கிண்ணத்தைப் பார்த்துப் பார்த்துத் தவித்தவள், சட்டென்று பிஸ்கட் டின்னை எடுத்தாள்.

"கிளி போயிட்டு. இந்தத் தினை சும்மாதான கிடக்கு? கோழிக்குப் போடட்டும், நல்லா முட்டை வைக்கும்." கிண்ணம் நிறையக் குவித்துக் கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டு நிறுத்தினாள். "செத்த கிளிக்கு வச்சிருந்ததுன்னு சொல்லிராத. மனசு சங்கடப்படுவாக."

பிளம்ஸ் மரத்தடியில் நடக்கும்போது பார்த்தேன். தினைக்கு மேலே ஒரு சின்னப் பச்சை இறகு. கிளியின் நெஞ்சிலிருந்து உதிர்ந்த பஞ்சு இறகு. அதை எடுத்து எறிந்திருக்கலாம். அது என் கிளியினுடையது, எறிய மனம் வரவில்லை. சொல்லக் கூடாது என்று அம்மா சொன்னது ஞாபகம் வந்து, ஆள்காட்டி விரலால் தினைக்குள் அமுக்கினேன். இன்றைக்கும் அந்த விரலைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆன்ட்டி தினையைப் பார்த்துப் பூரித்துப் போனாள். சின்ன வயதில் அவள் ஊரில் இதில் கூழ் காய்ச்சுவார்களாம். கோழிக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு பிடி தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டாள். மீதியை முதல் கொட்டகையில் இறைத்தாள். நானும் கூடப் போய் இறைத்தேன்.

ஒரு வாரத்தில் முதல் கொட்டகையில் கோழிகள் தும்மின. பிறகு கழுத்துகள் திருகின. நூறு நூறாகச் செத்தன. அங்கிள் காலையில் தள்ளுவண்டியோடு உள்ளே போய் நிறைத்துக்கொண்டு வெளியே வருவார், கொட்டிவிட்டுத் திரும்பப் போவார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று திருகின கழுத்துகளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது, ஐயா! ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்தாள். அப்பா வேலையிலிருந்து வந்ததும் இருவரும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே வந்த அப்பா கிளிக்கூண்டைக் காலால் மிதித்துத் தட்டையாக்கி, காகிதத்தில் சுற்றி, மறுநாள் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் உலையில் போட்டுவிட்டு வந்தார். தினை டின்னும் போயிற்று. கராஜுக்குப் பின்னால் தோண்டி, புதைத்ததையும் எடுத்துப் போனார்.

அரசாங்க ஆட்கள் வெள்ளை உடுப்பில் வந்தார்கள். செத்தது பாதி, சாகாதது பாதி, எல்லாவற்றையும் அழிக்க வேண்டும் என்று உத்தரவு. கொட்டகைகளின் சன்னல்களைத் தார்ப்பாயால் அடைத்து, சிலிண்டரை இறக்கி, உள்ளே வாயுவை விட்டார்கள். ஆன்ட்டி எங்கள் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டாள். சமையலறைச் சன்னலை இழுத்துச் சாத்தினாள், குழாயைத் திறந்துவிட்டாள், ரேடியோவைச் சத்தமாக வைத்தாள், தரையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள். அம்மாவுக்குக் கோழிக்காக அழுகிறாள் என்று நினைப்பு. முதுகைத் தடவி, "கோழிதானம்மா, வேற வாங்கிக்கிடலாம்" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆன்ட்டியின் அம்மாவையும் இரண்டு தங்கைகளையும் போரில் இப்படித்தான் ஓர் அறையில் அடைத்து, இப்படித்தான் கொன்றார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. ஹைஸ்கூலில் அந்தப் பாடம் வந்த அன்றுதான் எனக்கு விளங்கியது.

நோய் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஒருவர் வீடு வீடாகப் போனார். எங்கள் வாசலிலும் அட்டையும் பேனாவுமாக வந்து நின்றார். வீட்டில் கோழி, வாத்து, கூண்டுப் பறவை ஏதாவது உண்டா, சமீபத்தில் இருந்ததா என்று கேட்டார்.

"இல்லை சார். எப்பவும் இருந்ததில்லை" என்றார் அப்பா. அவர் சட்டையின் முதுகு நனைந்து ஒட்டியிருந்ததை நான் பின்னால் நின்று பார்த்தேன்.

அந்த மனிதர் குனிந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "உன்கிட்ட வளர்ப்புப் பிராணி எதுவும் இல்லையா, கண்ணு?"

"நோ சார்" என்றேன்.

அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டு போனார்.

அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். கிடைத்தது. மூடிப்போன ஒரு பண்ணையிலிருந்து அங்கிள் பழைய முட்டை அட்டைகளை மலிவாக வாங்கி வந்திருந்தார். கழுவ முடியாத காகித அட்டை. வேண்டாம் என்று ஆன்ட்டி சண்டை பிடித்தும் கேட்காமல் வாங்கியது. நோய் அதில்தான் வந்திருக்கும் என்று எழுதிவிட்டார்கள். அங்கிள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. நம்பிவிட்டார். சிரிக்கிற மனிதர், சிரிப்பை விட்டுவிட்டார். கோழி இல்லாத கொட்டகைக்குக் காலை ஐந்து மணிக்குப் போய், வெறும் வரிசைகளுக்கு நடுவே நடந்துவிட்டு வருவார்.

பள்ளிப் பேருந்தில் அவர் மகள் என் பக்கத்தில்தான் உட்காருவாள். என்னோடு பேசின ஒரே பிள்ளை.

"அப்பா சாப்பிட மாட்டேங்கிறார்" என்றாள் ஒருநாள். "நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன்னு அவங்க பாஷையில சொல்லிக்கிட்டே இருக்கார். யாராவது வந்து அந்த அட்டையால இல்லைன்னு சொன்னா போதும்."

யாராவது. நான் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அட்டை இல்ல, என் கிளி" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் அப்பாவை ஜெயிலில் போட்டுவிடுவார்கள், எங்களைக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். பேருந்து நின்றது. இறங்கிவிட்டேன்.

ஆகஸ்டில் நாங்கள் வடக்கே வீடு மாறினோம். கிளம்புவதற்கு முந்தின நாள் ஆன்ட்டி வந்தாள். கையில் அதே கிண்ணம், நிறையக் கருநீலப் பிளம்ஸ் பழம். முட்டை இல்லாத வீட்டில் அவளிடம் வேறு என்ன இருந்தது? அம்மா பழங்களை ஒரு தட்டில் கவிழ்த்தாள். அடியில் எதையோ பார்த்தாள். சட்டென்று கையை மூடிக்கொண்டாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நாட் எம்ப்டி" என்றாள் ஆன்ட்டி, மெதுவாக. கிண்ணத்தை வாங்கிக்கொள்ளாமலே திரும்பிப் பாதையில் நடந்து போய்விட்டாள்.

அம்மா குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அந்தப் பழத்தை எங்களில் யாரும் வாயில் வைக்கவில்லை. அடுத்த பனிக்காலத்தில் அங்கிள் அந்தக் காலிக் கொட்டகையிலேயே செத்துக் கிடந்தார் என்று அப்பாவுக்குத் தொழிற்சாலை நண்பர் ஒருவர் சொன்னார். இதயம் நின்றதா, அவரே நிறுத்திக்கொண்டாரா, நாங்கள் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எங்களுக்கு ஏது? அப்பாவுக்கு அதே மாதம் கிரீன் கார்டு வந்தது. வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

கிண்ணம் எங்களோடு வீடு வீடாக வந்தது. திருப்பித் தர வேண்டிய முறை எங்களுடையது. "என்னத்த வச்சுக் குடுப்பேன்? சொல்லு, என்னத்த வச்சு?" என்று அம்மா சில சமயம் பாத்திரம் துலக்கிக்கொண்டே தனக்குள் கேட்பாள். போன வருஷம் அவள் போனாள். அவளுடைய வேதாகமத்தில், சங்கீதங்களுக்கு நடுவே, ஒரு சின்னப் பச்சை இறகு அழுந்திக் கிடந்தது. என் கிளியின் ஞாபகமாக அவளும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்து அழுதேன். எவ்வளவு பேதை பாருங்கள் நான்.

அந்தப் பக்கத்துப் பழைய பண்ணைகளைப் பற்றி யாரோ ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். அதில் காலிக் கொட்டகை ஒன்றின் படம். கீழே எழுதியிருந்தது: "என் அப்பாவின் பண்ணை. சாகும்வரை அவர் தன்னை மன்னிக்கவே இல்லை." என் மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனுக்குக் கதையெல்லாம் சொன்னேன். "மா, ஜஸ்ட் மெசேஜ் ஹர்" என்றான், காலைக் கடிக்கிற செருப்பைக் கழற்றச் சொல்கிற மாதிரி.

அவள் டெக்ஸாஸில் இருக்கிறாள். போனில் குரல் அப்படியே ஆன்ட்டி. ஐம்பது வருஷத்துக்கு மேல் சொல்லாததை ஒரே மூச்சில் சொன்னேன். கிளி, தினை, இறகு, விசாரிக்க வந்தவரிடம் நான் சொன்ன பொய்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "அம்மா சாகிறதுக்கு முன்னாடி சொன்னா. தனக்குன்னு எடுத்து வச்ச அந்த ஒரு பிடித் தினையில பச்சை இறகு இருந்திருக்கு. கோழிங்க தும்ம ஆரம்பிச்ச அன்னிக்கே அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. அதைத்தான் பிளம்ஸுக்கு அடியில வச்சு உங்க அம்மாகிட்ட குடுத்தா. தனக்குத் தெரியும், ஆனா யார்கிட்டயும் சொல்லலைன்னு காட்டத்தான்."

"ஏன் சொல்லலை?" என்றேன்.

"அட்டையும் பேனாவுமா ஒருத்தன் வந்து அக்கம்பக்கத்தில் யாருன்னு கேட்டா பேரைச் சொல்லக் கூடாது. போரில் அவ கத்துக்கிட்டது அது ஒண்ணுதான். அப்பாகிட்ட சொன்னா அவர் அரசாங்க ஆளுங்ககிட்ட சொல்லிடுவார். அதனால அப்பாகிட்டயும் சொல்லலை. எங்க அம்மா உங்களைக் காப்பாத்தினா. எங்க அப்பாவை விட்டுட்டா. நான் இதை வச்சுக்கிட்டு என்ன செய்யறது, சொல்லு? நீ என் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தே? பஸ்ஸில, தினமும்?"

கிண்ணம் இருக்கிறது, அனுப்பட்டுமா என்று மட்டும் கேட்டேன். முகவரியைச் சொன்னாள்.

அன்றிரவு அல்ல, மறுநாள் அல்ல, ஒரு வாரம் அந்தக் கிண்ணத்தை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முறுக்கு வைப்பதா? வெட்கக்கேடு. கடைசியில் ஒரு தாளில் எழுதினேன், அங்கிளின் பெயருக்கு: அட்டையால் அல்ல. நீங்கள் கொல்லவில்லை. நாங்கள்தான். கீழே என் முழுப்பெயரைப் போட்டு, தாளை மடித்துக் கிண்ணத்தில் வைத்து, தபாலில் அனுப்பினேன்.

போன மாதம் பார்சல் ஒன்று வந்தது. டெக்ஸாஸ் முத்திரை. பிரித்தேன். நீல விளிம்பு, ஓரத்தில் அந்தக் கறுப்புப் புள்ளி. என் தாள் இல்லை, எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஆன்ட்டி சாகும்வரை யார் வீட்டுப் பாத்திரத்தையும் சும்மா திருப்பிக் கொடுத்ததில்லை என்று போனில் இவள்தான் சொல்லியிருந்தாள். தானும் அப்படித்தான் என்றாள். பெட்டியில் திணித்திருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக விரித்து உதறினேன். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். கிண்ணத்துக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன்.

ஒன்றுமே இல்லை.